குண்டனின் குடலும் ஸ்லைடு அக்காவின் பயமும்

கால்நடை மருத்துவமனையின் பின்கட்டில் எக்ஸ்ரே அறையைத் தாண்டினால் இடது பக்கம் மூன்றாவது கதவு அவளுடையது. நாய், பூனை, மாடு என்று எதன் உடம்பிலிருந்து எந்தத் துணுக்கு வந்தாலும் அதை மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டிச் சாயம் ஏற்றி டாக்டர்களிடம் கொடுப்பாள். பத்தொன்பது வருடமாக அதுதான் வேலை. சம்பளப் பட்டியலில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் அவளைவிடப் பத்து வயது மூத்த வாட்ச்மேன்கூட அவளை ஸ்லைடு அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

நாய்க் குடலை இத்தனை வருடம் பார்த்தவளுக்கு உயிருள்ள நாய் என்றால் ஆகாது. தெருமுனையில் ஒன்று படுத்திருந்தால் அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு போவாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன் அதைச் சொல்லிச் சிரிப்பார். "உள்ள இருக்கறதெல்லாம் பழக்கம். வெளியில இருக்கற பல்லுதான் பழகலையா?"

அந்த வருடம் நாய் டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சி தொடங்கியிருந்தார். மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு நிற்காத நாய்களின் குடலில் பித்த அமில ஏற்பிகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்கும் வேலை. ஸ்லைடு அக்காவுக்கு அவர் அதை விளக்கியது எளிமையாகத்தான் இருந்தது. கல்லீரல் பித்தநீரைச் சுரக்கிறது, சாப்பிட்டவுடன் அது குடலில் இறங்கிக் கொழுப்பைக் கரைக்கிறது. வேலை முடிந்ததும் சிறுகுடலின் கடைசிப் பகுதி அதில் முக்கால்வாசிக்கும் மேலே உறிஞ்சிக் கல்லீரலுக்கே திருப்பி அனுப்பிவிடும். குடல்சுவரின் உயிரணுக்களில் இருக்கும் ஏற்பிகள்தான் பித்தம் வந்ததை உணர்ந்து, "போதும், இனிமேல் சுரக்காதே" என்று கல்லீரலுக்குத் தகவல் அனுப்புகின்றன. இந்த ஏற்பாடு கெட்டால் பித்தம் பெருங்குடலில் கொட்டி, உடம்பின் தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொண்டு வெளியே போகும். ஸ்லைடில் அந்த ஏற்பி இருக்கிற இடம் பழுப்பாகத் தெரிய வேண்டும். இல்லாத இடம் வெறும் நீலம். பழுப்பு வருகிறதா இல்லையா என்பதைச் சரியாகக் காட்டுவது ஸ்லைடு அக்காவின் கையில் இருந்தது.

டாக்டரம்மா சொல்லி முடித்தபோது அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பல மாதமாக அவளுக்கும் அதே தொந்தரவு. யாருக்கும் தெரியாது.

சாப்பிட்ட அரைமணிக்குள் ஓட வேண்டும். காலையில் மட்டும் மூன்று நான்கு தடவை. பேருந்தில் போகும் பதினேழு நிறுத்தங்களில் எந்தெந்த நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கழிப்பறை இருக்கிறது என்று அவளுக்கு மனப்பாடம். பெட்ரோல் பங்க், நூலகம், ஒரு பல் ஆஸ்பத்திரி. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருந்த பெண் ஒருநாள், "உங்களுக்குப் பல்லு எப்பதான் காட்டப் போறீங்க?" என்று கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அங்கே போகவில்லை. வேலைக்குக் கிளம்பும் நாளில் காலையில் வெறும் டீ. ஒன்பது கிலோ குறைந்திருந்தது. ஆபீஸில் எல்லோரும் இளைத்து அழகாகிவிட்டாய் என்றார்கள்.

அவள் அண்ணனும் இப்படித்தான் இளைத்தான். ஆறு வருடத்துக்கு முன்னால், "வயிறு சரியில்ல, வெளிச் சாப்பாடு" என்று ஒரு வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் பெருங்குடலில் புற்று என்று கண்டுபிடித்தபோது அது கல்லீரல்வரை ஏறியிருந்தது. நாற்பத்தாறு வயதில் போய்ச் சேர்ந்தான். அவளுக்கு இப்போது நாற்பத்து நான்கு.

அவள் டாக்டரிடம் போகாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. தெரிந்துகொண்டால் அது நிஜமாகிவிடும் என்ற நினைப்பு. ரத்தம் கிடக்குமோ என்ற பயத்தில் கழிப்பறையில் கண்ணை மூடிக்கொண்டுதான் தண்ணீர் ஊற்றுவாள். வேலையிலோ நாள் முழுக்கக் குடலை உற்றுப் பார்ப்பதே பிழைப்பு. புற்று எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒழுங்காக அடுக்கிவைத்த குழாய்கள் போல் இருக்க வேண்டிய சுரப்பிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, முட்டி, எல்லை தாண்டி ஓடியிருக்கும். பாத்திரம் கழுவும்போதும் பேருந்தில் நிற்கும்போதும் அந்தப் படம் கண்ணுக்கு முன்னால் வரும். அதைத் தன் வயிற்றுக்குள் வைத்துப் பார்ப்பாள்.

குண்டன் என்பது ஆராய்ச்சியின் பதினோராவது நாய். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் டிரைவர் ஒருவர் வளர்த்தது. குட்டியில் உருண்டையாக இருந்ததால் வைத்த பெயர். இப்போது விலா எலும்பை எண்ணிவிடலாம். அதன் குடலிலிருந்து குழாய் விட்டு எடுத்த துணுக்குகள் மணல் பருக்கை அளவு, மொத்தம் ஆறு. அவற்றில் சிறுகுடலின் கடைசியிலிருந்து வந்தவை இரண்டுதான்.

அந்த இரண்டையும் பதித்த மெழுகுக் கட்டையைச் சீவிக்கொண்டிருந்தபோது அவளுக்கு வயிறு முறுக்கியது. சீவிய மெழுகு நாடா அப்போதுதான் வெந்நீர்த் தொட்டியில் மிதந்துகொண்டிருந்தது. அதைச் சில நொடியில் கண்ணாடியில் ஏந்தி எடுக்காவிட்டால் திசு விரிந்து பிய்ந்துவிடும். அவள் எடுக்கவில்லை. ஓடினாள். திரும்பி வந்தபோது தண்ணீரில் பஞ்சுபோல் ஏதோ மிதந்தது. கட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். துணுக்கு ஏறக்குறையத் தீர்ந்துவிட்டிருந்தது. பத்தொன்பது வருடத்தில் ஒரு துணுக்கைக்கூட அவள் வீணாக்கியதில்லை. கத்தியைத் தொடவே பயமாக இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினாள். இரண்டு சீவல்கள் கிடைத்தன. அதற்கு மேல் வெறும் மெழுகு.

ஏன் இரண்டுதான் என்று டாக்டரம்மா கேட்டார். வீட்டிலிருந்து ஃபோன் வந்துவிட்டது என்று பொய் சொன்னாள். அவர் எதுவும் திட்டவில்லை. அந்தப் பார்வை மட்டும் சாயங்காலம்வரை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த இரண்டிலும் பழுப்பு மிக மிக மங்கலாக இருந்தது. தன் தவறால் சாயம் சரியாக ஏறவில்லையோ என்று பயந்து, அதே தொகுதியில் சாயம் ஏற்றியிருந்த ஆரோக்கியமான நாயின் ஸ்லைடை எடுத்துப் பார்த்தாள். அதில் பழுப்பு கெட்டியாக இருந்தது. அப்படியானால் குண்டனுக்குத்தான் இல்லை.

மறுநாள் மதியம் கழிப்பறைக்குப் போக அவள் அறையைவிட்டு வெளியே வந்தாள். குண்டன் கழிப்பறைக் கதவுக்கு நேர் முன்னால் நடைபாதையை அடைத்துக்கொண்டு படுத்திருந்தது. பக்கத்து பெஞ்சில் டிரைவர். எதிரே டாக்டரம்மா நின்று அவரிடம் பேசிக்கொண்டிருந்தார். ஸ்லைடு அக்கா சுவரோடு சுவராக நின்றாள். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. வயிறோ காத்திருக்கிற நிலையில் இல்லை.

டிரைவர் அவளைப் பார்த்துவிட்டார். "பயப்படாதீங்கம்மா. அவனுக்கு எந்திரிக்கவே தெம்பு இல்ல."

அவர் நாயை இழுத்து நகர்த்துவதற்குள் டாக்டரம்மா சொன்னதெல்லாம் அவள் காதில் விழுந்தது. பித்தம் திரும்பிப் போகாமல் பெருங்குடலில் கொட்டுகிறது. அதனால்தான் சாப்பிட்ட உடனே போகிறது, எரிச்சலோடு போகிறது, அவசரமாகப் போகிறது. பித்தத்தைப் பிடித்துக்கொள்ளும் ஒரு பொடி உண்டு, உணவையும் மாற்றிப் பார்ப்போம். குடல்சுவரே பழுதாகியிருப்பதால் உறுதியாகச் சொல்ல முடியாது.

கழிப்பறைக்குள் உட்கார்ந்தபடி அவள் அதை ஒவ்வொரு சொல்லாகத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். சாப்பிட்ட உடனே. எரிச்சலோடு. அவசரமாக. இரண்டு வருடத்துக்கு முன்னால் கல் என்று சொல்லி அவளுடைய பித்தப்பையை எடுத்திருந்தார்கள். தொந்தரவு தொடங்கியது அதற்கு அப்புறம்தான். இந்த இரண்டையும் அவள் இதுவரை சேர்த்துப் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் டாக்டரம்மா தனியாக இருந்தபோது போய் நின்றாள். பித்தப்பையை எடுத்துவிட்டால் நாய்க்கு இந்த மாதிரி ஆகுமா என்று கேட்டாள்.

"ஆகலாம். பித்தத்தைச் சேத்து வைக்க இடம் இல்ல, சொட்டிக்கிட்டே இருக்கும்." சொல்லிவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம பட்டியல்ல எந்த நாய்க்கும் பித்தப்பை எடுக்கலையே. யாரைக் கேக்கறீங்க?"

ஸ்லைடு அக்கா தன் வயிற்றின்மேல் கையை வைத்தாள்.

"எத்தனை நாளா?"

"பதினாலு மாசம்."

அதற்குப் பிறகு எல்லாம் வந்தது. அண்ணன், பேருந்து நிறுத்தங்கள், ஒன்பது கிலோ, ஃபோன் வந்தது என்று சொன்ன பொய். இது பித்தமாகத்தான் இருக்கும் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்லவில்லை.

"இருக்கலாம். ஆனா நான் நாய் டாக்டர். பித்தம்தான்னு சொல்லி உங்கள வீட்டுக்கு அனுப்பினா, அண்ணன் கதை தெரிஞ்சும் அனுப்பின பாவம் எனக்கு. குழாய் விட்டுப் பாத்துடுங்க. இந்த வாரமே."

வீட்டில் புருஷனிடம் சொன்னபோது அவர் டார்ச் லைட்டைப் பிரித்து வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை. மூடியைத் திருகியபடி, "ஒரு நாய்க்காக வாயத் தொறந்திருக்க. எனக்காகத் தொறக்கலையே," என்றார். கோபம் இல்லை அது. மறுநாள் லீவு போட்டுவிட்டு, அவரே ஆஸ்பத்திரியில் போய் நாள் வாங்கி வந்தார்.

குடலைச் சுத்தம் செய்ய முந்தின நாள் குடிக்கிற மருந்தைக் கொடுத்த நர்ஸ், இதைக் குடித்தால் பத்துப் பன்னிரண்டு தடவை போகும், பயப்பட வேண்டாம் என்றாள். எனக்கு மருந்தே வேண்டாம், ஒரு வேளைச் சாப்பாடு போட்டால் போதும் என்று ஸ்லைடு அக்கா சொன்னாள். நர்ஸ் சிரித்தாள். பதினான்கு மாதத்தில் அவள் அதைப் பற்றிச் செய்த முதல் கேலி அது.

மயக்கம் தெளிந்ததும் வயிற்று டாக்டர் சொன்னார்: இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு கட்டி, காளான் மாதிரி காம்போடு இருந்தது, முழுசாக எடுத்துவிட்டோம், பரிசோதனைக்குப் போயிருக்கிறது, எட்டு நாள் ஆகும். சிறுகுடலின் கடைசியிலிருந்தும் துணுக்கு எடுத்திருக்கிறோம். புருஷன் இன்னும் என்னென்னவோ கேட்டார். அவள் காதில் கட்டி என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் ஏறவில்லை.

மற்றவர்களுக்கு அந்த எட்டு நாள் வெறும் காத்திருப்பு. அவளுக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு மணிக்கும் அந்தத் துணுக்கு எங்கே இருக்கும் என்று தெரியும். இப்போது ஃபார்மலினில் ஊறும். இப்போது மெழுகில் உட்கார்ந்திருக்கும். இன்று யாரோ ஒருத்தி அதைச் சீவுகிறாள். அவளுக்கு வயிறு முறுக்கினால்? ஓடிப்போய்விட்டுத் திரும்பி வந்து, ஃபோன் வந்தது என்று சொன்னால்? தன் ஒரு பொய்யை வைத்து உலகத்தில் உள்ள எல்லா ஸ்லைடுக்காரர்களையும் சந்தேகப்பட்டாள். பகலெல்லாம் வேலை செய்தாள், ஆனால் லென்ஸுக்குள் தெரிகிற ஒவ்வொரு சுரப்பியும் எல்லை தாண்டுகிற மாதிரி இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அதே ஸ்லைடை மறுபடி பார்ப்பாள்.

ஐந்தாம் நாள் குண்டனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பொடி ஆரம்பித்து ஒரு வாரம் நன்றாக இருந்ததாம், ஒருநாள் வாலைக்கூட ஆட்டியதாம். பிறகு சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. உடம்பிலிருந்த புரதமெல்லாம் குடல் வழியே ஒழுகிப் போய் வயிற்றில் நீர் கோத்திருந்தது. ஸ்லைடு அக்கா வார்டு வாசல்வரை போய் நின்று பார்த்தாள். உள்ளே போகவில்லை. ஆறாம் நாள் காலையில் அது செத்துப்போனது.

டிரைவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "எடுத்துப் பாருங்க. அடுத்த நாய்க்காவது உதவட்டும்" என்று சொன்னதாக டாக்டரம்மா சொன்னார். மதியத்துக்குள் பதினோராம் எண் எழுதிய டப்பாக்கள் அவள் மேஜைக்கு வந்துவிட்டன. இந்தத் தடவை மணல் பருக்கை இல்லை, விரல் நீளத் துண்டுகள். வெட்டிப் பதப்படுத்த வேண்டும். அவள் கையுறையைப் போட்டுக்கொண்டு, போட்ட கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தன்னைப் போலவே ஓடியது, தன்னைப் போலவே இளைத்தது, தான் தனக்குச் சொல்லிக்கொண்ட அதே காரணத்தைத்தான் அதற்கும் சொன்னார்கள். அந்தக் காரணத்தை நம்பித்தான் அவள் கொஞ்சம் மூச்சு விட்டிருந்தாள். வெட்டிப் பார்த்தபோது சுவர் ஈரக் காகிதம் மாதிரி இருந்தது. பித்தம் ஒரு பங்குதான், நோய் அதற்கும் அடியில் எங்கேயோ இருந்தது என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். ஸ்லைடில் தெரிந்தது ஒரு நிறம். அதை வைத்துக்கொண்டு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்தது அவள் தவறு.

அன்று வீட்டுக்குப் போய், தான் செத்துப்போனால் யார் யாருக்கு ஃபோன் செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதினாள். புருஷன் அதைப் பார்த்துவிட்டு மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்குச் சமையலும் அவரே செய்தார், உப்பைப் போட மறந்துவிட்டார். இரண்டு பேரும் அப்படியே சாப்பிட்டார்கள்.

எட்டாம் நாள் வயிற்று டாக்டரின் அறையில் புருஷன்தான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அவள் நின்றாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தோன்றியது.

டாக்டர் தாளைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார். "உங்களுக்கு இதெல்லாம் படிக்கத் தெரியுமாமே. படிங்க."

எழுத்துகள் ஓடின. கடைசி வரியை மூன்று முறை படித்தாள். புற்று இல்லை. ஆனால் விட்டிருந்தால் நாலைந்து வருடத்தில் ஆகியிருக்கக்கூடிய வகை. வெட்டிய ஓரம்வரை சுத்தம். தினமும் ஓட வைத்ததற்கும் இந்தக் கட்டிக்கும் சம்பந்தமே இல்லை என்றார் டாக்டர். சிறுகுடல் நன்றாக இருக்கிறது. பித்தப்பை போனதால் பித்தம் வழிகிறது, அவ்வளவுதான், அதற்குப் பொடி தருகிறேன். மூன்று வருடத்தில் மறுபடி குழாய் விட்டுப் பார்க்க வேண்டும்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று புருஷன் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டர் அவரை உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் கேட்டார்: "கூடப் பிறந்தவங்க வேற யாரு இருக்காங்க?"

தம்பி இருந்தான். ஊரின் மறுகோடியில் டயர் கடை வைத்திருந்தான். முப்பத்தொன்பது வயது, ஆள் தேக்கு மரம் மாதிரி. ஃபோனில் சொன்னபோது சிரித்தான். அக்காவுக்கு நாயோடு இருந்து இருந்து நாய் வியாதி வந்துவிட்டது, எனக்கு எதற்கு என்றான். இரண்டாம் தடவை ஃபோனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவள் பேருந்து ஏறி அவன் கடைக்கே போனாள். அவன் ஒரு லாரிச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து, பதினான்கு மாதம் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் ஊற்றிய கதையை முதல் தடவையாக வெளியே சொன்னாள். புருஷனிடம்கூட அதைச் சொல்லியிருக்கவில்லை.

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். கையைத் துணியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நான் பாத்தேன்க்கா," என்றான். "ரெண்டு மாசமா ரத்தம் வருது. மூலம்னு நெனச்சுக்கிட்டேன்."

தன் ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த எட்டு நாளில்கூட அவள் அப்படிப் பயந்ததில்லை. அவன் கையைப் பிடித்தாள், கறையோடு. அவன் கடையைப் பாதி மூடச் சொல்லி வேலைக்காரரிடம் சாவியைக் கொடுத்தான்.

தம்பிக்கு இருந்தது புற்றுதான். பெருங்குடலின் இடது பக்கம், சுவரைத் தாண்டாமல் இருந்தது. ஒரு சாண் குடலை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்தார்கள். ஆபரேஷன் நடந்த ஐந்து மணி நேரமும் ஸ்லைடு அக்காவும் அண்ணியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி, செத்துப்போன அண்ணனின் மனைவி. இதே மாதிரி பெஞ்சில் முன்பு ஒருமுறை உட்கார்ந்திருந்தவள். அவள் ஒன்றும் ஆறுதல் சொல்லவில்லை. நடுவில் ஒருதரம் மட்டும், "அவரையும் யாராவது இப்படிப் போய் உக்காந்து கேட்டிருக்கலாம்," என்றாள். ஸ்லைடு அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டிருக்க வேண்டிய ஆட்களில் தானும் ஒருத்தி என்று அவளுக்குத் தெரியும்.

தம்பி பத்து வாரத்தில் கடைக்குத் திரும்பிவிட்டான். கனமான சக்கரத்தைத் தூக்கக் கூடாது என்பதால் கல்லாவில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுகிறான், அதனால் வியாபாரம் கெடுகிறது என்று அவன் மனைவி சொல்கிறாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. அதற்கு முந்தின வாரம் அவன் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. அக்காவுக்கு மட்டும் தினமும் ஃபோன் செய்து, அதைப் பற்றி ஒன்றுமே பேசாமல் லாரிகளைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பான். அவளும் கேட்டுக்கொண்டிருப்பாள். இரண்டு வருடம் ஓடிவிட்டது, அவளுக்கு அடுத்த குழாய் இன்னும் பதினொரு மாதத்தில்.